தலையை வெட்டுனா சாப், தரையை வெட்டுனா சேனல்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ் நடுப்பக்கத்துல ஒரு கறுப்பு 1932 ஃபோர்டு ஹாட் ராட் படம் போட்டிருந்தோம். ஹாட் ராட்னா பழைய காரைப் பிரிச்சு வேகத்துக்காக மாத்திக் கட்டுன வண்டி. மட்கார்டு கிடையாது, நாலு சக்கரமும் வெளிய தெரியும், படத்துக்குக் கீழ 'டியூஸ், ஃபைவ் விண்டோ கூப், ஹைபாய்'னு ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பிடிச்சுக்கிட்டு டெல்டா பக்கத்துல இருந்து கேள்வி குவிஞ்சிடுச்சு, அதனால இந்தத் தடவை முழுக்க அந்தக் கேள்விகள்தான்.

கேள்வி: அண்ணே, ஒரே காருக்கு எதுக்கு மூணு பேரு? அப்புறம் ஃபைவ் விண்டோன்னு போட்டிருக்கீங்க, நான் ரெண்டு தடவை எண்ணிட்டேன், ஆறு வருது. (கல்லூரி மாணவர், கும்பகோணம்)

தம்பி, ஆறு வந்துச்சுன்னா முன் கண்ணாடியையும் சேர்த்து எண்ணிட்டீங்க, அதை எப்பவுமே கணக்குல சேர்க்கறதில்ல. கதவுக் கண்ணாடி ரெண்டு, கதவுக்குப் பின்னாடி பக்கத்துக்கு ஒண்ணா சின்னக் கண்ணாடி ரெண்டு, முதுகுப் பக்கம் ஒண்ணு, ஆக அஞ்சு. அந்தச் சின்னக் கண்ணாடி ரெண்டும் இல்லாம கதவுக்குப் பின்னாடி வெறும் தகடா வந்தா அது த்ரீ விண்டோ. 32 மாடல்ல இதைக் கண்டுபிடிக்க இன்னொரு வழியும் இருக்கு: த்ரீ விண்டோவுல கதவோட கீல் பின்பக்கம் இருக்கும், கைப்பிடி முன்பக்கம். ஓடும்போது லாக் விட்டுச்சுன்னா எதிர்காத்து கதவைப் பிடிச்சு இழுத்து முழுசா திறந்துடும், அதனாலதான் அதுக்கு சூசைட் டோர்னு பேரே வந்துச்சு. 50கள்ல நம்ம ரோட்டுல ஓடுன ஃபியட் 1100க்கும் முன் கதவு இப்படித்தான், வீட்டுப் பெரியவங்களைக் கேட்டா சொல்லுவாங்க.

மூணு பேரு எதுக்குன்னா மூணும் மூணு விஷயத்தைச் சொல்லுது. டியூஸ்ங்கறது வருஷம், 1932ல இருக்கற அந்தக் கடைசி ரெண்டு, அமெரிக்காவுல சீட்டுக்கட்டுல ரெண்டுக்கு அப்படித்தான் பேரு. ஃபைவ் விண்டோ கூப்ங்கறது ஃபேக்டரில இருந்து வந்த பாடி, கூப்னா ரெண்டு கதவு வச்சு கூரை மூடுன கார். ஹைபாய்ங்கறது அதுக்கப்புறம் பட்டறையில என்ன பண்ணாங்க, என்னத்தைத் தொடாம விட்டாங்கங்கறது: மட்கார்டையும் ஃபுட்போர்டையும் கழட்டிட்டாங்க, ஆனா பாடியைக் கீழ இறக்கல, சேசிஸ்ங்கற அடிச்சட்டத்து மேல கம்பெனி வச்ச அதே உயரத்துல உக்காந்திருக்கு. இந்த மூணையும் தெரிஞ்சவன்கிட்ட ஃபோன்ல சொன்னா போதும், படம் பார்க்காமலே காரை வரைஞ்சு காட்டிடுவான். இந்தப் பட்டப்பேருங்க மேல எனக்கு இவ்ளோ ஆசை வந்ததுக்கே அதுதான் காரணம், ஒவ்வொரு பேரும் அந்த வண்டில எங்க கத்தி பட்டுச்சு, எங்க படலைன்னு சொல்லிடும்.

32க்கு மட்டும் ஏன் இவ்ளோ மவுசுன்னு நீங்க கேட்கல, ஆனாலும் சொல்லிடறேன். அந்த வருஷம்தான் ஃபோர்டு சாதாரண ஆளுக்கு வி8, அதாவது V வடிவத்துல எட்டு சிலிண்டர் வச்ச இன்ஜினைக் குடுத்துச்சு. 221 கன அங்குலம், நம்ம கணக்குல 3.6 லிட்டர், 65 குதிரைசக்தி, மொத்த பிளாக்கும் ஒரே வார்ப்பு. வி8 போட்ட ரோட்ஸ்டர், அதாவது நிரந்தரக் கூரை இல்லாத வண்டி, 460 டாலர். அதுவரைக்கும் வி8ன்னா பணக்காரங்க வண்டில மட்டும்தான். இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியறது: அந்த மாடல்ல சேசிஸ் சட்டத்தோட பக்கவாட்டையே அழகா அழுத்தி ஒரு கோடு போட்டு வெளிய தெரியற மாதிரி விட்டிருப்பாங்க, அதனால மட்கார்டைக் கழட்டுனாலும் வண்டி அரைகுறையா தெரியாது. இதுக்கு முந்தின மாடல் ஏ 48 லட்சத்துக்கு மேல வந்துச்சு, அதுக்கும் முந்தின மாடல் டி ஒன்றரைக் கோடி. 30கள்லயும் 40கள்லயும் இதெல்லாம் காயலான் கடையில மலிவா கிடைச்சது, கையில காசில்லாத பசங்க அதை வாங்கிப் பிரிச்சு, கலிஃபோர்னியாவுல தண்ணி வத்திப்போன மியூராக், எல் மிராஜ் ஏரித் தரையில யாரு வேகம்னு ஓட்டிப் பார்த்தாங்க. மட்கார்டு போனா எடை குறையும், காத்துத் தடையும் குறையும், அவ்ளோதான் விஷயம். அழகுங்கறதெல்லாம் அப்புறம் வந்ததுதான்.

கேள்வி: எங்க தாத்தாவோட பிளஷர் கார்னு ஒரு பழைய ஃபோட்டோ இருக்குங்க. பின்னாடி டிக்கி திறந்திருக்கு, அதுக்குள்ள பெரியப்பாவும் அத்தையும் சின்னப் புள்ளைங்களா உக்காந்திருக்காங்க. மேல கூரை இல்ல. அண்ணன் அதை 32 ஃபோர்டுன்னு சாதிக்கிறான். எப்படிக் கண்டுபிடிக்கறது? (வாசகி, மன்னார்குடி)

சகோதரி, முதல்ல அந்த ஃபோட்டோவை நல்ல ஸ்கேனர்ல பெரிய சைஸ்ல ஸ்கேன் பண்ணி வச்சுக்குங்க, மிச்சதெல்லாம் அப்புறம். ஃபோட்டோ முன்பக்கம் இருந்து எடுத்ததா இருந்தா முன் கண்ணாடிக்கு நேர் கீழ, பானெட் முடியற இடத்துல ஒரு மூடி தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா அது பெட்ரோல் மூடி, அப்போ வண்டி மாடல் ஏ, 1928ல இருந்து 31க்குள்ள. மாடல் ஏல பெட்ரோல் டேங்க் டேஷ்போர்டுக்குப் பின்னாடியேதான் இருக்கும், ஓட்டறவர் முழங்காலுக்கு மேல. 32ல டேங்க்கைப் பின்னாடி கொண்டு போயிட்டாங்க, முன்னாடி மூடி இருக்காது. அண்ணன் சொல்றது சரியா தப்பான்னு அந்த ஒரு மூடியே சொல்லிடும், ஆனா முதல்ல அது ஃபோர்டுதானாங்கறதை ரேடியேட்டர் மேல இருக்கற எழுத்தைப் படிச்சு முடிவு பண்ணிக்குங்க, ஏன்னா அந்தக் காலத்துல செவர்லேயும் நிறைய வந்துச்சு.

அடுத்தது கூரை இல்லாத வண்டின்னா எல்லாமே ரோட்ஸ்டர் ஆகிடாது. கதவு மேல் விளிம்பைப் பாருங்க. கண்ணாடி ஏறி இறங்கற பிளவு இருந்தா அது கேப்ரியோலே, கைப்பிடியைச் சுத்தி கண்ணாடி ஏத்தற வண்டி, கொஞ்சம் விலை கூட. விளிம்பு வழவழன்னு மூடி இருந்தா ரோட்ஸ்டர், அதுக்குக் கண்ணாடியே கிடையாது, மழை வந்தா பக்கத்துக்கு ஒரு கேன்வாஸ் திரையை எடுத்து மாட்டணும், ஐப்பசி மழையில மன்னார்குடில அது எவ்ளோ தாங்கியிருக்கும்னு உங்க அத்தை இருந்தா கேட்டுச் சொல்லுங்க. நாலு கதவு வச்சு கண்ணாடி இல்லாம திறந்து வந்தா அதுக்கு ஃபீட்டன்னு பேரு, டிக்கி சீட் இருக்கறதால உங்களுது அதா இருக்காது.

பின்னாடி திறந்து உக்கார்ற அந்த இடத்துக்கு அமெரிக்காவுல ரம்பிள் சீட், இங்கிலாந்துல டிக்கி சீட். நாம இன்னிக்கு சாமான் வைக்கிற இடத்தை டிக்கின்னு சொல்றோமே, அது அங்கேருந்து வந்ததுதான். அங்க அதுக்கு மாமியார் சீட்னு ஒரு செல்லப்பேரும் உண்டு, வெயிலும் மழையும் தூசியும் நேரா அங்க உக்கார்றவங்க மேலதான். பின் மட்கார்டு மேல ஒரு பக்கம் மட்டும் சின்னதா ரப்பர் பதிச்ச படி தெரியுதான்னு பாருங்க, அதுல கால் வச்சுத்தான் அத்தையும் பெரியப்பாவும் ஏறியிருப்பாங்க. ஃபோர்டு 1926லயே மெட்ராஸ், பம்பாய், கல்கத்தான்னு கால் வச்சிடுச்சு, கனடாவுல இருந்து வலது பக்க ஸ்டியரிங் வண்டியா கொண்டு வந்து வித்தாங்க, அதனால மன்னார்குடி மிராசுதார் வீட்டுல ஒரு ஃபோர்டு நின்னதுல ஆச்சரியமே இல்ல. ஃபோட்டோவோட ஒரு காப்பியை அனுப்புங்க, நானும் பார்க்கணும்னு ஆசையா இருக்கு.

கேள்வி: ஐயா, நான் ரொம்ப வருஷமா டிங்கரிங் வேலை பார்க்கறேன். சாப், சேனல், செக்‌ஷன்னு வீடியோல பசங்க காட்டறாங்க. மூணுலயும் வண்டி குள்ளமாகுது, அப்போ மூணுக்கும் என்ன வித்தியாசம், எது கஷ்டம்? (பட்டறை உரிமையாளர், மயிலாடுதுறை)

அண்ணே, உங்க கையில இருக்கற வேலை இது, அதனால விவரமாவே சொல்றேன்.

முதல்ல அந்த வண்டிங்க எப்படின்னா, நம்ம மாட்டு வண்டி மாதிரி. அச்சும் சக்கரமும் அடிச்சட்டமும் ஒரு வேலை, மேல கூண்டு தனி வேலை, கூண்டைத் தூக்குனா மொட்டை வண்டி, வச்சா கூண்டு வண்டி, மாடு ரெண்டையும் இழுக்கும். பழைய ஃபோர்டும் அப்படித்தான், பலமெல்லாம் அடியில இருக்கற ஏணி மாதிரி சேசிஸ்ல, பாடியை போல்ட்டு போட்டு மேல உக்கார வச்சிருக்காங்க. பாடியை எந்தப் பக்கம் வெட்டுனாலும் வண்டி ஓடும். இந்த மூணு வேலையும் அதனாலதான் சாத்தியமாச்சு.

சாப்னா கூரையைத் தாங்கற தூணுங்களை எல்லாம் ரெண்டு, மூணு, நாலு இன்ச்சு வெட்டி எடுத்துட்டு கூரையைக் கீழ இறக்கி ஒட்டறது. கேட்கறதுக்கு சுலபம். ஆனா தூண் நேரா நிக்கறது இல்லையே, மேல போகப்போக உள்பக்கமா சாயும். மூணு இன்ச்சு எடுத்தீங்கன்னா மேல் துண்டோட நுனியும் கீழ் துண்டோட நுனியும் ஒண்ணுக்கொண்ணு சேராது, முன் தூண் ஒரு பக்கம் இழுக்கும், பின் தூண் இன்னொரு பக்கம் இழுக்கும். ஒண்ணு தூணைச் சாய்க்கணும், இல்லேன்னா கூரையைக் குறுக்கால வெட்டி நடுவுல தகடு வச்சு நீளமாக்கணும். நல்லா கவனிச்சா 32 மாதிரி ஓரளவு நிமிர்ந்து நிக்கற தூண் இருக்கற வண்டில சாப் பண்றது சுலபம், 1949 மெர்க்குரி கார் மாதிரி வழிஞ்சு வர்ற கூரைல பின் தூணும் பின் கண்ணாடியும் உயிரை எடுத்துடும். கண்ணாடிக்கும் வழி வேணும். பழைய ஃபோர்டுல எல்லாமே தட்டைக் கண்ணாடி, கடையில அளவு குடுத்தா வெட்டித் தந்துடுவாங்க. வளைஞ்ச டஃப்பன்ட் கண்ணாடியை வெட்டவே முடியாது, கட்டர் வச்ச உடனே பொரியா உதிர்ந்துடும்.

சேனல்னா கூரையைத் தொடறதே இல்ல, பாடிக்கு அடியில இருக்கற தரைத் தகட்டைச் சுத்தி வெட்டி, பாடியை சேசிஸ் சட்டத்துக்கு ரெண்டு பக்கமும் தொங்கற மாதிரி இறக்கிட்டு, தரையை மேல தூக்கி மறுபடி வெல்டு பண்றது. வெளியில இருந்து பார்த்தா வண்டி தரையோட ஒட்டுன மாதிரி இருக்கும், உள்ள உக்காந்தா கால் நீட்ட இடம் இருக்காது, முழங்கால் நெஞ்சுக்கு வரும். போன இதழ்ல போட்ட ஹைபாய்க்கு நேர் எதிர் இது. கலிஃபோர்னியா பசங்க ஹைபாயைத்தான் கொண்டாடுனாங்க, கிழக்குக் கரை பக்கம் சேனலுக்கு மவுசு ஜாஸ்தி.

செக்‌ஷன்தான் மூணுலயும் கஷ்டம். பாடியோட வயித்துல, கதவுக் கைப்பிடிக்குக் கீழ, வண்டியைச் சுத்தி நாலு இன்ச்சு பட்டையை உருவி எடுத்துட்டு மேல் பாதியைக் கீழ் பாதியோட சேர்க்கறது. கதவு, லாக், பானெட் பக்கம், இன்ஜினுக்கும் உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கற ஃபயர்வால் தகடு, டிக்கி மூடி, ரேடியேட்டர் எல்லாத்துலயும் அதே நாலு இன்ச்சு போகணும், ஒரு இடத்துல ஒரு நூல் தப்புனாலும் கதவு மூடாது. அதனாலதான் செக்‌ஷன் பண்ண வண்டிங்க கம்மி. உங்களை மாதிரி கதவு கேப்பை விரல் வச்சே அளக்கறவங்களுக்கு இந்த வேலையோட அருமை மத்தவங்களைவிட நல்லா புரியும்.

கேள்வி: லெட் ஸ்லெட்னு ஒரு பேர் கேள்விப்பட்டேன். காரீயத்துக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்? (வாசகர், நாகப்பட்டினம்)

இன்னிக்கு டிங்கர் கடையில பட்டி போடறாங்களே, அந்தப் பட்டி வர்றதுக்கு முன்னாடி தகட்டுல இருக்கற பள்ளத்தையும் வெல்டிங் கோட்டையும் காரீயம்தான் மறைச்சது. காரீயமும் வெள்ளீயமும் கலந்த கம்பியைச் சூடு காட்டி, உருகி ஓடிடாம வெண்ணெய் பதத்துல இருக்கும்போதே மெழுகு தடவுன மரக்கரண்டியால தேய்ச்சுப் பரப்பி, ஆறுனதும் அரத்தால ராவுவாங்க. 1949ல இருந்து 51 வரைக்கும் வந்த மெர்க்குரியை எடுத்து சாப் பண்ணி, கைப்பிடி, சின்னம், கோடு எல்லாத்தையும் பிடுங்கிட்டு ஓட்டையை ஈயத்தால மூடி வழவழன்னு ஆக்குனாங்க, கிலோ கணக்குல ஈயம் ஏறிடும், அதுலதான் அந்தப் பேரு: லெட்னா காரீயம், ஸ்லெட்னா பனியில சறுக்கற வண்டி. உடம்பைக் கனமாக்கி வேகத்தை விட்டுக்குடுத்து அழகுக்காகவே செஞ்ச வண்டிங்க, அதனால இதை ஹாட் ராட்னு சொல்லாம கஸ்டம்னு தனியா பிரிச்சுச் சொல்லுவாங்க. யாராவது இதை இங்க செஞ்சு பார்க்கணும்னு நினைச்சா கிரைண்டரை மட்டும் வைக்காதீங்க, ஈயத்தூள் மூச்சுல போனா உடம்புல தங்கிடும். அரம்தான் சரி.

கேள்வி: டி பக்கெட், ரேட் ராட், ரெண்டும் ஒண்ணா? (பள்ளி மாணவர், தஞ்சாவூர்)

இல்லப்பா. டி பக்கெட்னா மாடல் டியோட முன்பாதி பாடியை மட்டும் வச்சுக்கிட்டு, பின்னாடி குட்டியா ஒரு பிக்கப் தொட்டி, பானெட் இல்லாம இன்ஜின் முழுசா வெளிய. 50கள்ல நார்ம் கிராபவ்ஸ்கி கட்டுன வண்டி டிவியில வந்து அமெரிக்கா முழுக்கப் பிரபலமாச்சு, அப்புறம் எல்லாரும் அதே மாதிரி கட்டுனாங்க. ரேட் ராட்ங்கறது பாடியோட பேரே இல்ல, துருவும் பிரைமருமா முடிக்காத மாதிரி விடற பாணி. அதுல எனக்கு ஒரு விஷயம் மட்டும் மனசுக்கு ஒப்பறது இல்ல, துருவை ரசிக்கலாம், ஆனா பிரேக்கும் வெல்டிங்கும் துருப்பிடிச்ச நிலையில ரோட்டுக்கு வரக்கூடாது.

கேள்வி: அப்பாவோட 1978 அம்பாசிடர் ஓடாம நிக்குது. நாலு இன்ச்சு சாப் பண்ணி, மட்கார்டைக் கழட்டி நம்ம ஊர் ஹாட் ராட் ஆக்கலாம்னு நானும் நண்பர்களும் பேசிக்கிட்டோம். பண்ணலாமா? (வாசகர், திருவாரூர்)

வேண்டாம் தம்பி. ஆசை எனக்குப் புரியுது, அதனால காரணத்தை முழுசா சொல்றேன்.

மேல மயிலாடுதுறை அண்ணனுக்குச் சொன்னேனே, பலமெல்லாம் சேசிஸ்ல இருக்கறதாலதான் பாடியை வெட்ட முடிஞ்சுதுன்னு. அம்பாசிடர்ல தனி சேசிஸ் கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3ங்கற இங்கிலாந்து காரை எடுத்து 1957ல கல்கத்தா பக்கத்துல உத்தர்பாராவுல ஆரம்பிச்சாங்க, 2014 வரைக்கும் வந்துச்சு, இத்தனை வருஷமும் அடிப்படை அதேதான்: தரை, பக்கத் தகடு, தூண், கூரை எல்லாம் சேர்ந்து ஒரே கூடு, அந்தக் கூடுதான் எலும்பும். தூணை வெட்டுனா எலும்பை வெட்டுன மாதிரி. சேனல் பண்ணலாமான்னா இறக்கறதுக்கு அடியில சட்டமே இல்லையே. முன் கண்ணாடியும் வளைஞ்சது, மேல சொன்ன கதைதான்.

ரெண்டாவது காரணம், அரசாங்கச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி குடுத்த அமைப்புல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிடுச்சு. வெட்டுன வண்டிக்கு எஃப்சி கிடைக்காது, இன்ஷூரன்ஸ்ல பிரச்சனை வரும், ஏதாவது விபத்து ஆச்சுன்னா வீடே நிலைகுலைஞ்சிடும். இன்னொண்ணு, 2021 ஜூலைல விண்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி வந்திருக்கு. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டியிருக்கணும், சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிசா மாறாம மூல வடிவத்துல இருக்கணும். அதுக்கு நம்பர் பிளேட்லயே விஏன்னு தனி எழுத்து, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி விஷயத்துக்குத்தான். உங்க அப்பா வண்டி 78ன்னா 2028ல அந்த வயசுக்கு வந்துடும். இன்னிக்கு வெட்டிட்டா அந்த வாசலை நீங்களே பூட்டிக்கிட்ட மாதிரி.

அமெரிக்காவுல அந்தப் பசங்க வெட்டுனப்ப ஊரெல்லாம் கோடிக்கணக்குல அந்த வண்டி கிடந்துச்சு. நம்ம பக்கம் 78 மாடல் முழுசா நிக்கறது எத்தனைன்னு திருவாரூர் தேர் வீதியைச் சுத்தி வந்து பாருங்க. அதை ஓட வைங்க. கார்புரேட்டரைப் பிரிச்சுக் கழுவுங்க, டேங்க்ல துரு இருந்தா டேங்க்கைக் கழட்டுங்க, பிரேக் வீல் சிலிண்டர் நாலையும் மாத்திட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. கத்தியை வச்சுப் பார்த்தே ஆகணும்னு கை துறுதுறுன்னா காயலான் கடையில ஒரு பழைய கதவை வாங்கிட்டு வந்து அதுல செக்‌ஷன் பண்ணிப் பழகுங்க, தகடோட குணம் புரியும்.

கேள்வி: எங்க கொட்டகையில 1960கள்ல வந்த ரெண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிக்குது. மெக்கானிக் வந்து பார்த்துட்டு, இதோட கூரையை வெட்டாமலே கழட்டலாம், ஓப்பன் காரா ஓட்டலாம்னு சொல்றாரு. உண்மையா? (வாசகர், பாபநாசம்)

உங்க மெக்கானிக் விஷயம் தெரிஞ்சவர், அவரை விட்டுடாதீங்க. ஹெரால்டோட கூரை போல்ட்டுலதான் நிக்குது. இங்கிலாந்துல ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் கம்பெனிக்கு அப்போ பாடி செஞ்சு குடுத்துக்கிட்டிருந்த இடத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிடுச்சு, ஒரே கூடா பாடி செய்ய வழியில்லாம, தனி சேசிஸ் போட்டு அது மேல துண்டு துண்டா பாடியை போல்ட்டு பண்ற மாதிரி டிசைன் பண்ணாங்க, வடிவம் போட்டது இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1961ல இருந்து மெட்ராஸ் பக்கத்துல வண்டலூர்ல அதையே செஞ்சாங்க. முன் பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டா முன்னாடி கவிழும், அதைத் திறந்துட்டு முன் டயர் மேல உக்காந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துல திரும்பும், கும்பகோணத்துச் சந்துக்குன்னே செஞ்ச மாதிரி.

ஆனா கழட்ட முடியும்ங்கறது வேற, ஓட்டலாம்ங்கறது வேற. ஆர்சியில சலூன்னு இருக்கும், கூரையில்லாம ரோட்டுக்கு எடுத்தா திருவாரூர் தம்பிக்குச் சொன்ன அதே 52வது பிரிவுதான். ரீஸ்டோர் பண்றப்ப கழட்டுங்க, உள்பக்கம் துரு நீக்கி பெயின்ட் அடிச்சு புது ரப்பர் போட்டு அதே இடத்துல மாட்டுங்க. அதுக்கும் முன்னாடி வண்டியை ஜாக்கில தூக்கி அடியில பாருங்க, சேசிஸ்ல இருந்து பக்கவாட்டுல கை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், அவுட்ரிகர்னு பேரு, பாடியோட ஓரம் அது மேலதான் நிக்குது, ஹெரால்டுல முதல்ல துரு தின்னற இடம் அதுதான். ஸ்க்ரூடிரைவர் நுனியால குத்திப் பாருங்க. டங்குன்னு சத்தம் வந்தா நல்லது, உள்ள இறங்குச்சுன்னா கூரை போல்ட்டைத் தொடாதீங்க, அவுட்ரிகரை மாத்தற வரைக்கும் கதவு ரெண்டையும் மூடியே வைங்க, இல்லேன்னா பாடி தொங்கி கதவு கேப் மாறிடும், அப்புறம் சேர்க்கறது பெரும்பாடு.